இடது பக்கப் பின்கதவு

முதலில் தண்ணீர் மட்டும். துணி படக் கூடாது. தூசி இருக்கும்போது துணியை வைத்துத் தேய்த்தால் அந்தத் தூசியே உப்புத்தாளாகிக் கீறிவிடும் என்று இந்தத் தெருவில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், ஒருவரும் கேட்டதில்லை, எதிர்வீட்டு இன்ஜினியர் இன்றைக்கும் பழைய பனியனால் காய்ந்த வண்டியைப் பரபரவென்று துடைத்துவிட்டுத்தான் ஆபீஸ் போகிறார், கறுப்பு வண்டி வேறு, வெயிலில் பார்த்தால் உடம்பெல்லாம் நூல் நூலாகக் கோடு. நமக்கென்ன. ஹோஸைக் கூரைமேல் பிடிக்கிறேன், வழியட்டும். மேலிருந்து கீழே, எப்போதும் மேலிருந்து கீழே. வண்டி கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. சாவு வீட்டுக்குப் போய்வந்த வண்டி கழுவாமல் உள்ளே வரக் கூடாது என்று வாசுகி நேற்று வாசலிலேயே மறித்துவிட்டாள், என் தலையில் இரண்டு வாளி ஊற்றி என்னை மட்டும் உள்ளே விட்டாள், வண்டிக்குக் காலையில் ஊற்றிக்கொள்ளலாம் என்றாள். வாங்கிய நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட இது தெருவில் நின்றதில்லை. நின்றது, ஒன்றும் ஆகவில்லை. நான் தூங்கவில்லைதான், ஆனால் அது வண்டியை நினைத்து இல்லை. மணி ஆறேகால். ஒன்பது மணிக்கு லால்குடியில் பால் தெளிக்க வேண்டும். திருச்சியிலிருந்து இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் போதும். அண்ணனுடைய எலும்பைப் பொறுக்கிச் சட்டியில் போட்டு, அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் மகள் இந்த வண்டியில்தான் அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு வருவாள். வருகிற வழியில் என்னிடம் ஒன்று கேட்பாள். கேட்பேன் என்று நேற்றே சொல்லிவிட்டாள்.

"சித்தப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." சுடுகாட்டுக் குழாயடியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்து நின்றாள், முத்தரசி, பதினெட்டு வயது, அரசி என்றுதான் அண்ணன் கூப்பிடுவான். முகத்தில் அழுத தடமே இல்லை. கேளும்மா என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "இப்ப வேணாம். நாளைக்கு வண்டியில வர்றப்ப கேக்கறேன்." அவ்வளவுதான், போய்விட்டாள். ஒரு மனுஷனைக் கொல்ல இது போதும். எதைக் கேட்பாள். எதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியாதா, பதினோரு வருஷமாக அந்த ஒரு கேள்விக்குத்தானே பயந்து கிடக்கிறேன், அவள் கேட்பாள் என்று இல்லை, யாராவது கேட்பார்கள் என்று. அண்ணன் கேட்டிருக்கலாம். அண்ணி கேட்டிருக்கலாம். வாசுகி கேட்டிருக்கலாம், அவள் சமையலறையில்தான் இருந்தாள் அன்றைக்கு. யாரும் கேட்கவில்லை. இவள் கேட்கப்போகிறாள். இல்லை, காலேஜ் விஷயமாக இருக்கலாம், சர்ட்டிபிகேட்டில் ஏதாவது கையெழுத்து, வாரிசுச் சான்றிதழ், இப்படியெல்லாம் கேட்கத்தானே செய்வார்கள். அதற்கு வண்டியில் வரும்போது எதற்கு. பானெட்டில் ரோஜா இதழ் ஒட்டிக்கிடக்கிறது. நேற்று ஊர்வலத்துக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன், முன்னால் வீசியதெல்லாம் காற்றில் என் மேல்தான் விழுந்தது, சாமந்தி, ரோஜா, பொரி. இன்ஜின் சூட்டில் இதழ் வெந்து கறையாகிவிடும், வெள்ளையில் அது பழுப்பாகத் தெரியும். நகத்தால் எடுக்கக் கூடாது. நனைய விட்டு, ஊறவிட்டு, தானாக வர வேண்டும். வரவில்லை. நகத்தால் எடுத்துவிட்டேன்.

ஷாம்பு ஒரு மூடி, அரை வாளித் தண்ணீர். இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர், துணியை அலச. இரண்டு வாளி இல்லாமல் வெள்ளை வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளையில் அழுக்குத் தெரியாது என்று சொல்கிறவர்கள் வெள்ளையைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்திருக்கிறேன். என் பிழைப்பே அதுதான், தில்லை நகரில் சின்ன லேப், பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல் செய்து கொடுப்பேன். பதினாறு வெள்ளை உண்டு எங்கள் தொழிலில், ஒரு பட்டையில் வரிசையாகப் பல் கோத்திருக்கும், அதை வாயருகே வைத்து எந்த வெள்ளை என்று பார்த்துச் சொல்ல வேண்டும், மஞ்சள் கலந்தது, சாம்பல் கலந்தது, லேசாகச் சிவப்பு ஓடுவது. முப்பது வருஷத்தில் ஒருவர்கூட என் பல்லைத் திருப்பி அனுப்பியதில்லை. அண்ணனுக்கும் ஒன்று செய்தேன். அவனுடைய மேல்வரிசை முன்பல், நூலகத்தில் ஏணியிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டான், கிளை நூலகர் அவன், எவனும் எடுக்காத புத்தகத்தைத் தூசி தட்ட ஏறியிருக்கிறான். ஊரே கேலி செய்தது. செராமிக் பல், அவனுடைய மற்ற பல்லோடு வைத்துப் பார்த்தால் பிரம்மாவே குழம்புவார், அப்படி ஒரு பொருத்தம். நேற்று வாய்க்கட்டுக் கொஞ்சம் நெகிழ்ந்து உதடு திறந்திருந்தது. பார்த்தேன். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். மற்றப் பல்லெல்லாம் இத்தனை வருஷத்தில் மஞ்சளாகிப் போயிருந்தன, வெற்றிலை வேறு போட ஆரம்பித்திருந்தான்போல, யார் சொன்னார்கள் எனக்கு, நான் செய்தது மட்டும் அன்றைக்கு இருந்த வெள்ளையிலேயே இருந்தது. அதை நான் என் அடுப்பில் தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்தேன். வரட்டியும் விறகும் அதை என்ன செய்துவிடும். எலும்பு பொறுக்கும்போது சாம்பலில் கிடக்கும். வெட்டியான் கம்பால் கிளறுவான், தண்ணீர் தெளிப்பான், அது பளிச்சென்று கிடக்கும், எனக்கு அடையாளம் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது. துணியைப் பிழிந்து மறுபடி முக்கினேன்.

வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நேர்கோடு, முன்னாலிருந்து பின்னால். கூரை ஆயிற்று. கண்ணாடி. வலது பக்கம் முழுக்க ஆயிற்று. பின்பக்கம். இடது பக்கம் முன்கதவு. எப்போதும் இந்த வரிசைதான், எப்போதும் இந்தக் கதவு கடைசிதான். இடது பக்கப் பின்கதவு, கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் உயரம், இரண்டு சாண் அகலம். டச்-அப் செய்தது தெரியவே தெரியாது சார் என்றார் பெயின்டர். வெள்ளைதான் சார் இருக்கிறதிலேயே கஷ்டம், சிவப்பைப் பழைய நிறத்தோடு சேர்த்துவிடலாம், நீலத்தைச் சேர்த்துவிடலாம், வெள்ளை பிடிகொடுக்காது என்று சொல்லிவிட்டு அவரே தெரியாது என்றும் சொன்னார். என்னிடமா. முதல் வருஷம் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் சாயங்கால வெயிலில் மட்டும் தெரிந்தது. இப்போது மழைநாளில்கூடத் தெரிகிறது, அந்த இடம் மட்டும் பழைய தாள்போல ஒரு மஞ்சள், சுற்றிலும் அசல் வெள்ளை. வாசுகிக்குத் தெரியவில்லையாம். "எங்கங்க, எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்பாள், ஒவ்வொரு தடவையும். எனக்குத் தெரிகிறது. ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தேன், பாலிஷ் போட்டேன், இரண்டாவது தடவை வேறு ஒருவரிடம் கொடுத்து மறுபடி பெயின்ட் அடித்தேன், அது இன்னும் மோசம். மேலே என்ன போட்டாலும் அடியில் இருப்பது அடியில்தானே இருக்கிறது. அடியில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும், இரும்பு தெரிகிறவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, அதன்மேல்தான் அடித்தார்கள். கூடவே நின்று பார்த்தேன். ஒரு எழுத்து மிச்சமில்லை. நான் அடிக்கவில்லை. அதை மட்டும் யார் கேட்டாலும் சொல்வேன். என் கை அந்தக் குழந்தைமேல் படவில்லை.

"எட்டு மணிக்காவது கெளம்பணும், ஞாபகம் இருக்கா?" வாசுகி காபியோடு வந்து நிற்கிறாள். தம்ளரைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தாள், வண்டிமேல் வைக்க மாட்டாள், பழகிவிட்டாள். "முடிஞ்சுது." "முடிஞ்சுது முடிஞ்சுதுன்னு மூணாந்தடவ தண்ணி ஊத்துறீங்க. ஒரு தடவ ஊத்தினாத் தீட்டுப் போயிரும்." "கறை போகணும்ல." "என்ன கறை?" துணியை அலசினேன். அவளே சொன்னாள். "நான் வரலங்க. எனக்கு அண்ணி மூஞ்சியப் பாக்கவே முடியல. நேத்து என் கையப் புடிச்சுக்கிட்டு, நீ செஞ்சு குடுத்த அதிரசத்த அவரு பேசிக்கிட்டே இருப்பாரும்மான்னு சொன்னாங்க. பதினோரு வருசம் அதிரசத்தப் பத்திப் பேசியிருக்காரு மனுசன். ஒரு டப்பாவுல போட்டு பஸ்ல குடுத்தனுப்பியிருக்கலாம். நாந்தான் நீங்க கோவிப்பீங்கன்னு இருந்துட்டேன்." நான் எப்போது கோபித்தேன். அனுப்பாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லையே. அனுப்பு என்றும் சொல்லவில்லை. இப்படித்தான் எல்லாவற்றையும் நான் செய்யாமலேயே செய்திருக்கிறேன். காபியில் சர்க்கரை இல்லை, தீட்டுக்குச் சர்க்கரை போடக் கூடாது என்று உண்டா, மறந்துவிட்டாளா, கேட்காமல் குடித்துவிட்டேன்.

வண்டி வந்து மூன்று வாரம். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட எடுக்கவில்லை. அண்ணன் குடும்பத்தோடு வந்தான், வண்டி பார்க்க, அவனுக்குக் கார் என்றால் ஒன்றும் தெரியாது, சுற்றிச் சுற்றி வந்து "கோவாலு, நம்ம பரம்பரையிலேயே மொதக் காருடா" என்று பானெட்டைத் தடவினான், கைரேகை படும் என்று எனக்கு உள்ளுக்குள் அரித்தது, சொல்லவில்லை. அரசிக்கு ஏழு வயது. ஒன்றரை வயதில் அண்ணனும் அண்ணியும் முறைப்படி தத்தெடுத்த குழந்தை, பதினான்கு வருஷம் கோயில் டாக்டர் என்று அலைந்து ஓய்ந்தபிறகு. அவளிடம் மறைக்கவும் இல்லை, கதை சொல்கிற மாதிரி சொல்லியே வளர்த்தான், நாங்க உன்னத் தேடிக் கண்டுபுடிச்சோம் என்பான். நாங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே வந்தால் கதவருகே உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஓட்டுச்சில்லு. கைப்பிடிக்குக் கீழே பெரிது பெரிதாக. இரும்பு தெரிகிற ஆழத்தில். எனக்கு எழுத்தே தெரியவில்லை, கோடுதான் தெரிந்தது, கோடு கோடாக என் நெஞ்சில் இழுத்த மாதிரி இருந்தது. பெயின்ட் கடையில் தேய்க்கக் கொடுத்த அன்றைக்குத்தான் படித்தேன். க. முத்தரசி. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் இனிஷியல் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். க என்றால் கலியபெருமாள், அண்ணன். கிடைக்கிற இடத்திலெல்லாம் அப்பா பெயரோடு தன் பெயரை எழுதிக்கொண்டு திரிந்திருக்கிறாள் அந்தக் குழந்தை. ஏன் இப்படிப் பண்ணே என்று அண்ணன் கேட்டதற்கு அவள், "வெள்ளையா இருந்துச்சுப்பா, அதான்" என்றாள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான். அவன் சிரிக்காமல் இருந்திருக்கலாம். இல்லை, அவன் சிரிக்கலாம், அவன் சிரித்ததில் என்ன, நான்தான். "தப்பும்மா, சித்தப்பாகிட்ட சாரி சொல்லு" என்றான், அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, அவ்வளவு மெதுவாக. எனக்கு உச்சந்தலையில் ஏறியது. அவன் காதருகே போனேன். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "சொந்தப் புள்ளைன்னா இந்நேரம் நீ ரெண்டு வச்சிருப்ப அண்ணே."

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். வாழ்க்கையில் ஒரு ஈயைக்கூட அடிக்காதவன், தெருநாய்க்கு நூலகத்தில் படுக்க இடம் கொடுத்தவன், கையை ஓங்கி அந்தப் பிள்ளையின் கன்னத்தில் ஒன்று, முதுகில் ஒன்று. இரண்டு. நான் சொன்ன கணக்குக்கு இரண்டு. எனக்குக் காட்டுவதற்காக. இவள் என் பிள்ளைதான், பார் என் பிள்ளையை நான் அடிக்கிறேன் என்று எனக்கு நிரூபித்துக் காட்ட. அடித்தால்தான் சொந்தமாம், நம் ஊரில் அப்படித்தானே, பெத்தவன் அடிக்கலாம், அடிக்கிற உரிமை பெத்தவனுக்குத்தான், அடிக்காதவன் அந்நியன். அவள் அழவில்லை, அதுதான் என்னால், அவள் அழாமல் அண்ணனையே நிமிர்ந்து பார்த்தாள், யாரோ அவளுடைய அப்பாவை மாற்றி வைத்துவிட்ட மாதிரி. அண்ணன் தன் கையைப் பார்த்தான். அப்புறம் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பு மாட்டாமல், அண்ணி பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓட, தெருமுனை வரை போய் ஆட்டோ பிடித்துப் போய்விட்டான். நான் கூப்பிடவில்லை. நான் கதவில் ஈரத்துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்தால் போய்விடும் என்பதுபோல. அவன் செருப்பை வாசுகி ஒரு வருஷம் பரணில் வைத்திருந்தாள். அண்ணனும் தம்பியும் ஒரு கோட்டுக்காகச் சண்டை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள், கார் வாங்கினதும் கண்ணு தெரியல கோவாலுக்கு என்றார்கள், பேசட்டும் என்று விட்டேன், அது எனக்கு வசதியாக இருந்தது, கார்ப்பித்து என்ற கெட்ட பெயர் எவ்வளவோ தேவலை. நிஜம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நேற்று வெந்துவிட்டான். நான் அடிக்கவில்லை, என் கை படவில்லை. என் மகனை நான் வேண்டிய மட்டும் அடித்துத்தான் வளர்த்தேன், சொந்தப் பிள்ளை. ஓசூரில் இருக்கிறான். பெரியப்பா சாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

ஷாம்பு காய்வதற்குள் அலசிவிட வேண்டும். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, எதிர்வீட்டு மாடிக்குமேல் வந்துவிட்டது. தில்லை நகரில்தான் அண்ணனைச் சேர்த்திருந்தார்கள், நாலு நாள், என் லேபிலிருந்து நடந்தே போகலாம். அண்ணி போன் பண்ணி வாசுகியிடம் சொன்னாள், வாசுகி என்னிடம் சொன்னாள், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டாம் நாள் போனேன். வண்டியில் போனேன், நடந்து போகிற தூரத்துக்கு வண்டியில். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பார்க்கிங், வேப்பமரத்தடியில் நிழல் இருந்தது, ஆனால் மரம் முழுக்கக் காக்கை. காக்கை எச்சம் பெயின்டைத் தின்றுவிடும், அரைமணி போதும். வெயிலில் விட்டால் வெந்துபோகும். நிழலும் வேண்டும், காக்கையும் கூடாது. மூன்று தடவை சுற்றினேன். வாட்ச்மேன் "எங்கயாச்சும் விடுங்க சார்" என்றார். எங்கேயாவது விட்டிருக்கலாம். சாலை நடுவில் விட்டிருக்கலாம். இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன், அன்றைக்கு மூன்று பல் செய்தேன், மூன்றும் நன்றாக வந்தன. நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். போய் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அண்ணே, எப்படி இருக்கே. அது முடியாது. அண்ணே, மன்னிச்சிரு. சினிமாக்காரன் மாதிரி. மூன்றாம் நாள் லேபில் வேலை அதிகம். நான்காம் நாள் விடியற்காலை போன் வந்தது. அண்ணே. இப்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், வெறும் காற்றுத்தான் வருகிறது. ஐயோ, என் அண்ணே.

நேற்று ஒரு சந்தர்ப்பம் வந்தது. அது தானாக வந்தது, நான் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை, கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. எடுக்கிற நேரத்தில் கொள்ளிச் சட்டி யார் தூக்குவது என்று கேள்வி. ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர், எல்லாச் சாவுக்கும் தலைமை தாங்குகிறவர், துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "பொண்ணு வைக்கற வழக்கம் நமக்கு இல்ல, அதுவும் எடுத்து வளத்த பொண்ணு, கூடப்பொறந்த தம்பி கல்லு மாதிரி நிக்கறான், ரத்த பாத்தியதை அவனுக்குத்தான்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அரசியும் பார்த்தாள். அவளுக்கு அப்போது என்ன கேட்டிருக்கும், எடுத்து வளர்த்த என்ற அந்த வார்த்தை. நான் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தால் போதும். அவ எங்க அண்ணன் மக, அவதான் வைக்கணும். இவ்வளவுதான். காதில் போய் மெதுவாகக்கூடச் சொல்ல வேண்டாம், சத்தமாகவே சொல்லலாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவ்வளவு சுளுவாக வாயிலிருந்து விழுந்ததே, அந்த வாய்தானே இது. நான் தெருவில் நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணிதான் உள்ளேயிருந்து தலைவிரிகோலமாக வந்தாள். "எம்பொண்ணு வைப்பா. அவ அப்பன். உங்களுக்கெல்லாம் இஷ்டம் இல்லன்னாப் போங்க, நாங்க ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போறோம்." பெரியப்பா துண்டை மறுபடி உதறினார். அரசி சட்டியை வாங்கிக்கொண்டாள். புகை கண்ணில் பட்டுக்கூட அவள் கண் கலங்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும், வெட்கமும் அப்பாடாவும் ஒன்றாக வந்தன. எதுவும் செய்யாமலே முடிந்ததே என்று.

துடைக்கிற துணி வேறு, தடித்தது, விரித்துப் போட்டு மெதுவாக இழுக்க வேண்டும், அழுத்தக் கூடாது. இழுத்தேன். இப்போது வேக்ஸ். சாவுக்குப் போய்வந்த வண்டிக்கு வேக்ஸ் எதற்கு. வாசுகி கேட்டால் என்ன சொல்வேன், அண்ணன் ஏறப்போகிற வண்டி என்று சொல்வேனா. அன்றைக்குப் பிறகு அவன் இதில் ஏறவில்லை, அன்றைக்கும் ஏறவில்லை, சாப்பிட்டுவிட்டு ஒரு ரவுண்டு போகலாம்டா என்றிருந்தான். இன்றைக்குச் சட்டியில் ஏறுகிறான். சரி, அவள் கேட்டால் என்ன சொல்வது. நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருப்பேன், அவள் பின்னால் இருப்பாள், கண்ணாடியில் தெரிவாள். சித்தப்பா, அன்னிக்கு என்ன நடந்துச்சு. ஒன்றும் இல்லைம்மா, பழசு, அதெல்லாம் எதுக்கு இப்போ. அல்லது, உங்கப்பா கோபக்காரன்ம்மா. இல்லை, இல்லை, செத்தவன்மேல் போடுவதா, ஏற்கெனவே ஒருமுறை அவன் கையை வாங்கி அடித்தேன், மறுபடியுமா. அல்லது, நீ கீறிட்டேம்மா, குழந்தை நீ, உனக்கு என்ன தெரியும், அப்பா பயந்துட்டார். இது நன்றாக இருக்கிறது. யார்மேலும் தப்பு இல்லை. பதினாறு வெள்ளையில் எது பொருந்தும் என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கிறேன். நிஜத்தைச் சொன்னால் என்ன ஆகும். நீ சொந்தப் பிள்ளை இல்லை என்று சொன்னேன் என்று, அப்பாவின் எலும்பை மடியில் வைத்திருக்கிற பெண்ணிடம் சொல்வதா. அதைவிட அவள் அப்பா கோபக்காரனாகவே இருந்துவிட்டுப் போகலாம். யாருக்காக இப்படி யோசிக்கிறேன், அவளுக்காகவா, எனக்காகவா. எனக்காகத்தான். வேக்ஸை வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், இவ்வளவு நேரமும் வட்டமாக.

போன் அடித்தது. சட்டைப் பையில், வேக்ஸ் கையோடு எடுத்தேன், புது நம்பர்.

"சித்தப்பா, அரசி பேசறேன். கெளம்பிட்டீங்களா?"

"இதோம்மா. வண்டி கழுவிட்டு இருக்கேன்."

"வண்டியில கேக்கறேன்னு சொன்னேன்ல. வண்டியில அம்மா இருப்பாங்க. அவங்களுக்குத் தெரிய வேணாம். அதான் இப்பவே கேட்டுடறேன்." பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ பால் பாக்கெட் எத்தனை என்று கேட்கிறார்கள். அவள் நடந்து தள்ளி வருவது தெரிந்தது, சத்தம் குறைந்தது. "அப்பா என்னைய ஒரே ஒரு தடவதான் அடிச்சிருக்காரு. உங்க வீட்டுல. ஏன் அடிச்சாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நீ வண்டியில கோடு போட்டேல்லம்மா. குழந்தை நீ..."

"அப்படித்தான் நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆனா அதுக்கப்பறம் அவரு கண்ணாடிய ஒடச்சேன், ஸ்கூட்டரக் கீழ போட்டேன், பிளஸ் ஒன்ல கணக்குல ஃபெயிலானேன். ஒரு தடவகூடக் கை ஓங்கல சித்தப்பா. அப்ப ஒரு கோட்டுக்கா அடிச்சிருப்பாரு? அவருகிட்டயே கேட்டேன். எங்கையாலதானம்மா அடிச்சேன், என்னையவே திட்டிக்கம்மான்னு சொன்னாரு. நீங்க பக்கத்துல நின்னீங்க. அவரு காதுல என்னமோ சொன்னீங்க. நான் பாத்தேன்."

பார்த்திருக்கிறாள். பதினோரு வருஷமும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் தன் கைமேலேயே போட்டுக்கொண்டு போயிருக்கிறான். மூட மறந்த ஹோஸ் மண்ணில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்து வைத்திருந்த பதில் ஒன்றும் வரவில்லை, அந்த வாக்கியம்தான் வந்தது, அப்படியே, ஒரு சொல் மாறாமல்.

"சொந்தப் புள்ளைன்னா இந்நேரம் நீ ரெண்டு வச்சிருப்பன்னு சொன்னேம்மா. அதுக்குத்தான் அடிச்சான். அடிச்சது நான்தாம்மா. கை மட்டும்தான் உங்கப்பாவோடது."

மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது, அப்புறம் உடைந்தது. நேற்று கொள்ளி வைக்கும்போதுகூட அழாத பெண், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், கேட்கிறது.

"என்னாலதான் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலன்னு நெனச்சேன் சித்தப்பா. ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா காலைலயே குளிச்சிட்டு வாசல்ல போய் நின்னுக்குவாரு. யாரையும் எதிர்பாக்கல, சும்மா நிக்கறேன்ம்பாரு. நான் அந்தக் கோடு போடாம இருந்திருந்தா நீங்க வந்திருப்பீங்கன்னு உள்ள உக்காந்து அழுவேன். இத்தன வருசமும்."

நானும் அழுதேன். தெருவில் நின்றுகொண்டு, எதிர்வீட்டுக்காரர் பார்க்கப் பார்க்க. இல்லைம்மா, உன்னால இல்லைம்மா, உன்னால இல்லவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடங்கினாள். பிறகு கேட்டாள்.

"அப்பா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே சித்தப்பா. ஏன் சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன், கோபத்துக்குப் பதில் சொல்ல எனக்கு வரும். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். கேட்டுவிட்டு, நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.